எல்லோருக்கும் சிவப்பு

ஜனவரி 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூக்கு எப்படி இருக்கிறது? எலும்பு நேராகச் சேர்ந்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். சொன்ன கையோடு, இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசக்கூடாது, பேசினால் கத்துவீர்கள், எதுவானாலும் எழுதித் தொலையுங்கள் என்று உத்தரவும் போட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஆபரேஷன் செய்கிறவன் கையெழுத்து, பொறுமையாகப் படியுங்கள்.

மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை டாக்டர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தங்கை புருஷனை மேடையிலேயே குத்தியது தப்புதான். ஆனால் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 'மருத்துவச் சீர்திருத்தம் பற்றி மருத்துவர்களின் கருத்து' என்று பேனர் கட்டிக் கூப்பிட்டார்கள். நானும் கருத்துச் சொல்லத்தான் வந்தேன். அவசரப் பிரிவின் வாசலில் ஒரு மேஜை போடுவோம், வருகிறவனின் காப்பீட்டைப் பார்ப்போம், ஒப்புதல் வந்த பிறகு சிகிச்சையைத் தொடங்குவோம் என்றீர்கள். உயிர் போகிற கேஸாக இருந்தால் என்று கேட்டேன். கையில் சிவப்புப் பட்டை கட்டுங்கள், சிவப்புக்கு மேஜை கிடையாது என்றீர்கள். உயிர் போகாது, காலோ கையோதான் போகும் என்றால்? அது மஞ்சள், மஞ்சளுக்கு மேஜை உண்டு என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் அந்தச் சிரிப்பைத்தான் குத்தினேன், மூக்கு நடுவில் வந்துவிட்டது.

எனக்குப் பெரிய பொருளாதாரம் தெரியாது. வரிப்பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரியில் ஒருவன் ரத்தம் சொட்ட வந்து நின்றால் அவனிடம் கேட்க வேண்டியது எங்கே வலிக்கிறது என்பதுதான். பாதி நாள் நான் அதைக்கூடக் கேட்பதில்லை, பார்த்தாலே தெரியும். சீர்திருத்தக் கமிட்டிக்காக நீங்கள் எழுதப்போகும் கடைசி அறிக்கைதான் சட்டமாகும் என்கிறார்கள். என் வாசலில் மேஜை வருமா வராதா என்பது உங்கள் பேனாவில் இருக்கிறது. வந்தால் நானே உடைப்பேன். எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மச்சான்


ஜனவரி 20

மச்சான் அவர்களுக்கு,

மூக்கு சேர்ந்துவிட்டது. ஆனால் இப்போது குறட்டை விடுகிறேனாம். உங்கள் தங்கை தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். இந்தப் புண்ணியமும் உங்களுக்கே சேரட்டும்.

நீங்கள் பேசுவதைக் கேட்டால் வரிப்பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரி ஏதோ கோயில் மாதிரியும், நான் கதவைப் பூட்ட வந்த திருடன் மாதிரியும் இருக்கிறது. நானும் அங்கே வேலை பார்த்தவன்தான். ரத்தம் சுத்திகரிக்கிற மெஷின் ஒரு சின்னப் பாகம் இல்லாமல் துணி போர்த்திக் கிடந்தது. ஒரு பெண் அதன் பக்கத்துக் கட்டிலிலேயே வீங்கிச் செத்தாள். அவள் மகன் என்னைச் சுவரோடு அழுத்திக் கழுத்தை நெரித்தான். நான் தடுக்கவில்லை. அந்த வருடப் பணத்தில் மதில் சுவருக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்பதற்காக. நான் வேலையை விட்டதும் இந்தக் கமிட்டியில் சேர்ந்ததும் அதனால்தான்.

பணம் நோயாளியோடு போக வேண்டும், மச்சான். யார் குணப்படுத்துகிறார்களோ அவர்கள் கைக்குப் போக வேண்டும். அப்போது மெஷினுக்குத் துணி போர்த்த எவனுக்கும் மனசு வராது. அதற்கு வருகிறவர் யார், எதில் சேர்ந்திருக்கிறார் என்று யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? 'உயிர் போகும் நிலை மட்டுமே சிவப்பு' என்ற வரியை எழுதியவன் நான்தான். சிரித்துக்கொண்டு எழுதவில்லை. கையைச் சேர்த்தால் காலையும் சேர்க்கச் சொல்வார்கள், அப்புறம் பல்லையும் சேர்க்கச் சொல்வார்கள். எங்கேயாவது கோடு போட வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் வெள்ளோட்டமாகச் சில ஆஸ்பத்திரிகளில் மேஜை வருகிறது. உங்களுடையதும் அதில் இருக்கிறது. நான்தான் சேர்த்தேன். உங்கள் இடத்தில் அது நடந்துவிட்டால் எங்கேயும் நடக்கும். உடைக்காதீர்கள், கணினி விலை அதிகம்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 18

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மேஜை வந்து சேர்ந்தது. நான் உடைக்கவில்லை. எனக்கு வேலை வைக்காமல் மற்றவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அதில் உட்கார்ந்திருக்கும் பெண் பாவம், தட்டச்சு படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். வந்த வாரத்திலேயே ஒருவன் நாற்காலியைத் தூக்கி அவள்மேல் எறிந்தான். புருவத்தில் தையல் போட்டேன். உடனே அவள் பக்கத்தில் இரும்புத் தடியோடு ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். அவன் ஒருவன் மண்டையை உடைத்தான், அதையும் தைத்தேன். உடைபட்டவனின் மைத்துனன் வந்து காவலாளியின் பல்லைப் பெயர்த்தான். இப்படி என் வாசலிலேயே கேஸ் உற்பத்தியாகிறது. முன்பெல்லாம் வெளியிலிருந்து வரும்.

ஆனால் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தீர்களா? சிவப்புக்கு மேஜை கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதனால் எல்லோருக்கும் சிவப்பு கட்டச் சொல்லிவிட்டேன். சுளுக்குக்குச் சிவப்பு, இருமலுக்குச் சிவப்பு, காதில் பூச்சி போனவனுக்கும் சிவப்பு. ஹெட் நர்ஸ் முதலில் தயங்கினார். இப்போது நான் சொல்வதற்கு முன்பே கட்டிவிடுகிறார். மஞ்சள் பட்டைப் பெட்டி ஒட்டின டேப்போடு அப்படியே இருக்கிறது. மேஜைப் பெண்ணுக்கு வேலையே இல்லை, நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். வாசலில் சண்டையும் நின்றுவிட்டது.

சட்டத்தை மீறவில்லை, உங்கள் சட்டத்தையே உடுத்திக்கொண்டு நடக்கிறேன். எப்படி என் கருத்து?

மச்சான்


மார்ச் 3

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஊரில் காதுக்குள் போகும் பூச்சிகூட உயிரைப் பறிக்கிறது என்று கமிட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பணம் போகிறதே என்று எழுதவில்லை. வேறொரு பயம். எல்லாமே சிவப்பாக இருந்தால் உண்மையிலேயே சாகப்போகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பட்டை எதற்கு, பார்த்தாலே தெரியும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், உங்கள் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தியேட்டருக்குள் ஆபரேஷனில் இருக்கும்போது வெளியே யாருடைய கண் பார்க்கிறது? படித்து முடித்து வந்த சின்ன டாக்டரின் கண். அவருக்குப் பட்டையின் நிறம்தான் தெரியும்.

மார்ச் 17 வெள்ளோட்டத்தைப் பார்வையிட வருகிறேன். உங்கள் தங்கையும் வருகிறாள், நம்மைச் சேர்த்துவைக்கப் போகிறாளாம். உங்கள் வீட்டில் இருப்பாள். அதற்குள் இந்த விளையாட்டை நிறுத்திவிடுங்கள். நேரில் பார்த்துவிட்டால் நான் எழுதித்தான் ஆக வேண்டும், சொந்தக்காரர் என்று விடமுடியாது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

உனக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் வரும். 'நீங்கள்' என்று எழுத எழுத்து அதிகம், கை வலிக்கிறது, அதனால் 'நீ' போதும்.

பார்வையிட வந்த அன்று நான் உன் அவசரப் பிரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பெஞ்சில் செத்துக்கிடந்தவனின் தம்பி, அந்த லாரி டிரைவர், உன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். அவனோடு வந்தவர்கள் மருந்து அலமாரியைச் சாய்த்துவிட்டார்கள். மேஜைப் பெண் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "இந்தப் பட்டை, மேஜை, இதெல்லாம் எவன் கொண்டாந்தான்?" என்று அவன் கத்தினான். நீ விரலை நீட்டினாய். நேராக என்னை.

ட்ரிப் ஸ்டாண்டால் அடித்தான். முதல் அடி தோளில். அடுத்த அடிக்கு வலது கையை முகத்துக்கு முன்னால் வைத்தேன், மூக்கு மறுபடி உடையக்கூடாது என்று. வேடிக்கையாக இல்லை? கையைக் கதவு நிலையில் வைத்து அவன் இடித்த இடிக்கு எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

நீட்டிய விரல் உன்னிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு இரண்டு போய்விட்டது.

அதையும் விடு. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது நீயே வந்து என் கையைப் பார்த்தாய். பார்த்துவிட்டு மஞ்சள் பெட்டியின் டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாய். அந்த ஆஸ்பத்திரியில் முதல் மஞ்சள் பட்டையை எனக்குக் கட்டிவிட்டு, என்னை அடித்தவனைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள் போனாய்.

பழிவாங்கினாயா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அறிக்கை பாதியில் நிற்கிறது. உன் தங்கை உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். பதில் எழுது. பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.


ஏப்ரல் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் 'நீ' என்று எழுதியது சரி. நான் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன், எனக்கு விரல்கள் இருக்கின்றன.

விரலை நீட்டியது பழிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் என் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான், பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். பயம் இருந்தது. ஆனால் உங்களைக் கைகாட்டியபோது உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது.

மஞ்சள் பழி இல்லை. அதை விளக்க வேண்டுமென்றால் பெஞ்சில் செத்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவன் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். ஒரு பெட்டி சரிந்து வயிற்றில் விழுந்திருக்கிறது. வெளியே காயம் இல்லை, தானே நடந்துவந்தான். ஹெட் நர்ஸ் வழக்கம்போலச் சிவப்பு கட்டி உட்காரச் சொன்னார். நான் உள்ளே ஆபரேஷனில் இருந்தேன். வெளியே சின்ன டாக்டர் வரிசையைப் பார்த்தார், எல்லோர் கையிலும் சிவப்பு. வேறு வழியில்லாமல் முதலில் உட்கார்ந்திருந்தவரிலிருந்து தொடங்கினார். முதல் ஆளுக்குத் தொண்டை வலி. இவனுக்கு வயிற்றுக்குள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் தலையைச் சாய்த்தான். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறான் என்று நினைத்து, தோளில் விழாமல் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உண்மையான சிவப்பு அவன் ஒருவன்தான். நீங்கள் மார்ச் மூன்றாம் தேதி எழுதினீர்கள். நான் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது என்று ஹெட் நர்ஸிடம் சொல்லிச் சிரித்தேன்.

உங்களை அடித்துவிட்டு அந்தத் தம்பி மேஜையை நோக்கி ஓடினான். காவலாளி தடியால் முட்டியில் போட்டான். அவன் கண்ணாடித் தடுப்புக்குள் விழுந்தான். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்து கூரை வரை பீய்ச்சியது. நான் முஷ்டியை உள்ளே விட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த நிலையிலும் அவன் என் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான், பிறகு குத்துக்கு வலு இல்லாமல் போயிற்று. ஹெட் நர்ஸிடம் தொடையைப் பிடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் ஸ்ட்ரெச்சருக்கு வந்தேன். ஒரு தியேட்டரை நொறுக்கிவிட்டார்கள். மிஞ்சியது ஒன்று, மயக்க மருந்து கொடுக்க டாக்டர் ஒருவர். ஒருவனைத்தான் எடுக்க முடியும். உங்கள் விரல்களைப் பார்த்தேன், வெளுத்திருந்தன. தாமதித்தால் போகும் என்று தெரியும். அவன் தாமதித்தால் செத்துப்போவான் என்றும் தெரியும்.

அப்போதுதான் வீட்டிலிருந்து தங்கச்சி ஓடிவந்தாள். செருப்புக்கூட இல்லை, கண்ணாடித் துண்டுமேலேயே நடந்துவந்தாள். என் கையில் மஞ்சளைப் பார்த்தாள்.

"ஊர்ல இருமினவனுக்கெல்லாம் சிவப்பு கட்டினியேண்ணா. என் வீட்டுக்காரருக்கு மஞ்சளா?"

என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அவள் பிறந்ததிலிருந்து என்மேல் ஒருமுறைகூடக் கைநீட்டியதில்லை. சிவப்பை எடுத்து அவளே உங்களுக்குக் கட்டப் போனாள், நான் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினேன். பெஞ்சில் செத்தவன் இன்னும் உட்கார்ந்த வாக்கில்தான் இருந்தான், மாப்பிள்ளை. அவனைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய்ச் சிவப்பை என்னால் கட்ட முடியவில்லை. மற்றவர்கள் கையில் இருந்த பொய்களையும் வெட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தம்பி பிழைத்துவிட்டான். நேற்றைக்கு முந்தின நாள் கட்டுப் பிரிக்கப் போனேன். கையெடுத்துக் கும்பிடப் போகிறான் என்று நினைத்தேன். "என் அண்ணனையும் இப்படிப் பாத்திருக்கலாம்ல, டாக்டர்?" என்றான். சத்தமே இல்லாமல் கேட்டான். என்னை அடித்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்பு என் உத்தரவு, நர்ஸுக்கும் சின்ன டாக்டருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நேற்றிலிருந்து தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜை வேண்டும் என்று நீங்கள் அறிக்கை எழுதினாலும் எதிர்த்துப் பேச எனக்கு இனி வாய் கிடையாது. நீங்கள் சொன்னதுதான் நடந்தது.

மச்சான்


ஏப்ரல் 24

மச்சான் அவர்களுக்கு,

இடது கைக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. 'நீங்கள்' எழுத முடிகிறது.

உங்கள் பதிலை நம்புகிறேன். விரலை நீட்டியதை மன்னிக்கவில்லை, எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. மஞ்சள் என்னுடைய வரியின்படி சரியான நிறம். உயிர் போகும் நிலை மட்டுமே சிவப்பு. கை போவது மஞ்சள். நானே எழுதி நானே திருத்திய வரி.

ஆனால் நான் சொன்னதுதான் நடந்தது என்கிறீர்களே, அது பாதிதான். நீங்கள் உள்ளே போன பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. ஹெட் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் கையாகச் சிவப்பை வெட்டிக்கொண்டே வந்தார். அழுதுகொண்டே வெட்டினார். வெட்ட விடாமல் ஒரு பெண் அவர் கையைக் கடித்தாள். உடைந்த முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பட்டை மாறியதும் எழுந்தார், மேஜையைப் பார்த்தார், கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வாசல் வழியாக வெளியே போய்விட்டார். காப்பீடு இருந்திருக்காது. அவருக்குப் பின்னால் ஒரு ஆள், அப்புறம் குழந்தையோடு ஒரு தம்பதி. நிறங்கள் எல்லாம் உண்மையான அன்றைக்குத்தான் என் சட்டம் முதல்முறையாகச் சரியாக நடந்தது. அது நடந்த லட்சணம் இதுதான். உங்கள் பொய்தான் அதுவரை அதை மூடிவைத்திருந்தது.

எனக்கு ஒப்புதல் வாங்க உங்கள் தங்கை மேஜையில் நின்றாள். மேஜைப் பெண் அடியிலிருந்து வெளியே வந்து, உதட்டில் ரத்தத்தோடு, உடைந்த திரையில் தட்டினாள். அடிதடியில் பட்ட காயம் என்றால் போலீஸ் காகிதம் வந்த பிறகுதான் ஒப்புதல். அதுவும் நான் எழுதிய வரி. ரௌடிகளின் சண்டைக்கு மக்கள் பணம் எதற்கு என்று, மிகுந்த பெருமையோடு எழுதினேன். நீங்கள் தியேட்டரை விட்டு வந்தபோது அந்தக் காகிதம் இன்னும் வரவில்லை, ஆஸ்பத்திரி மேலாளர் உங்களைத் தடுத்தார், நீங்கள் அவரைத் தூக்கி எறிந்துவிட்டு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் விரல்கள் வெள்ளையிலிருந்து நீலமாகிவிட்டன. நான் ஒரு டாக்டர். என்ன நடக்கிறது என்று நிறம் நிறமாகத் தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். பணம் நோயாளியோடு போகட்டும் என்பதில் மாற்றமில்லை, அதில் உங்கள் பக்கம் வரமாட்டேன். ஆனால் இனி அவசரப் பிரிவில் மேஜை கிடையாது. வாசலில் மட்டுமல்ல, கண்ணுக்கு எட்டுகிற இடத்திலேயே கிடையாது. காயத்தை மூடிய பிறகு, பின்கட்டு அறையில், ஆஸ்பத்திரியும் காப்பீடும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். உங்கள் வாசல் திறந்தே இருக்கும்.

இன்னொரு வரியும் எழுதியிருக்கிறேன். தெரிந்தே தவறான நிறம் கட்டும் மருத்துவரை நிரந்தரமாக நீக்க வேண்டும். முதலில் யார் போவார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். அந்த வாசலுக்காக என் மூக்கை உடைத்தவர் நீங்கள். வாசல் திறந்திருக்கும், அதில் நீங்கள் நிற்கமாட்டீர்கள். அழித்துவிடலாமா என்று கை போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை நினைத்தேன், அழிக்கவில்லை. இதுவும் பழி இல்லை, மச்சான். அன்றைக்கு நீங்கள் டேப்பைக் கடித்துப் பிரித்தீர்களே, அதே மாதிரிதான்.

மாப்பிள்ளை

அண்ணா,

கவர் ஒட்டும் முன் இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ கட்டியதும் சரி. இவர் எழுதியதும் சரி. ஊருக்கெல்லாம் நியாயமாக இருங்கள். அன்றைக்கு நீ முறுக்கின மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது, அந்தக் கையால்தான் இவருக்குச் சாப்பாடு ஊட்டுகிறேன். இனிமேல் நீங்கள் இரண்டு பேரும் போனிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளைக்கு என்னிடம் மட்டும் இரண்டு பேரும் பேசாதீர்கள்.